வடித்த காதை ஒட்டிவிடலாமா?

கேள்வி: என் அம்மாச்சிக்கு 82 வயது. பாம்படம் போட்ட காது, தோள் வரை தொங்குகிறது. வரும் மாசியில் என் கல்யாணம். அதற்குள் காதைத் தைத்து, கல் வைத்த கம்மல் போட்டு வர ஆசைப்படுகிறார். மாமாக்கள், “இந்த வயசுல எதுக்கு?” என்கிறார்கள். பார்லரில் தைக்காமலே ஒட்டித் தருகிறார்களாமே? அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது.
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: ஆசை அம்மாச்சியுடையதுதானே? அப்படியானால் மாமாக்களை விடுங்கள். பேரப்பிள்ளைகள் கூச்சப்பட்டு இழுத்துவரும் பாட்டிகளைத்தான், காது தைக்கும் டாக்டரான நான், திருப்பி அனுப்புவேன். காதை மட்டும் மரக்கவைக்கும் ஊசி போதும் என்பதால் வயது தடையில்லை.

பார்லர் வேண்டவே வேண்டாம். அங்கே தடவுவது பெரும்பாலும் ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட். காதுத் துளையின் உள்விளிம்பிலும் தோல் மூடியிருக்கும். தோலோடு தோல் ஒட்டாது. ஆசிட் அதைச் சுட்டுப் புண்ணாக்கும், புண்ணும் புண்ணும் சேரும். கம்மல் துளை சற்றே இழுபட்டவர்களுக்கு, டாக்டர் கையில், அது பலிக்கலாம். குழந்தையிலேயே காது குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி வடித்த காதில் ஆசிட் என்ன செய்யும்? சர்க்கரைக்காரருக்குப் புண்தான் மிச்சம்.

நாங்கள் செய்வது அசல் தையல் வேலை. தொங்கும் வளையத்தை வெட்டி, மிச்சத் தோலைக் கழித்து, இருக்கும் துண்டை மடித்து, சீவிய விளிம்புகளைச் சேர்த்து உருண்டையான காதுச் சோணையாக, அதாவது காதின் கீழ்நுனிச் சதையாக, தைப்போம். நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கி, சோணையின் அடியில் பள்ளம் விழும். அதனால் தேவைப்படும் இடத்தில் கோட்டை ‘இசட்’ மாதிரி திருப்பிவிடுவோம். சோணையில் குருத்தெலும்பு இல்லை, ரத்த ஓட்டம் தாராளம், நன்றாகவே ஆறும். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே காதை ஒட்ட 15 முறைகள் இருக்கின்றன, நாங்கள் ரொம்பப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதலில் அவருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பாருங்கள். எகிறியிருந்தால் குறைத்துவிட்டுத்தான் கத்தி. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய காயத் தழும்பு எதுவும் புடைத்து வளர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். தையல் பிரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

சிக்கல் உங்கள் முகூர்த்தத் தேதியில்தான். தையில் தைத்தாலும், மறுபடி காது குத்த மூன்று மாதம் பொறுக்கச் சொல்வேன். அதுவும் தழும்பின் மேல் இல்லை, தள்ளித்தான். தழும்பிலேயே குத்தினால் மறுபடி கிழியும். ஆக, கல்யாணத்தன்று கம்மல் கிடையாது. தைத்த காதோடு வெறுமனே மணவறைக்கு வருவதா, எல்லாம் முடிந்து பங்குனியில் தைத்துக்கொள்வதா என்று அம்மாச்சியிடமே கேளுங்கள்.