என் 3 வயது மகள் நாள் முழுக்கத் தாகம் என்கிறாள், சோறு மட்டும் இறங்குவதில்லை. சர்க்கரை நோயாக இருக்குமோ? பசி டானிக் கொடுக்கலாமா?

பெரம்பூர் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பதும், "பாலும் ஜூஸும் என்றால் மட்டும் மடமடவென்று குடித்துவிடுகிறாள்" என்று கடைசியில் போகிற போக்கில் சேர்த்திருப்பதும் 2022 கோடையில் எங்கள் வீட்டில், என் மூன்று வயதுப் பையனுக்கு, அப்படியே நடந்தது. பாதிப் பதில் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு பரிசோதனை வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். இன்றைக்கே. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷ வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் டைப் 1. அதற்கும் மிட்டாய் தின்றதற்கும் சம்பந்தமில்லை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. அக்னி நட்சத்திர நேரம் என்பதால் 'வெயில் தாகம்' என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும்தான். படுக்கையை நனைப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆன பிள்ளை மறுபடியும் நனைத்தது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தது. வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்த பிறகுதான் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்சுலின் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இப்போது ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறது.

அதனால் ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்பது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்புவது, எடை குறைவது, துவண்டு படுப்பது, வாந்தி, பெருமூச்சு, வாயில் பழ வாசனை, இதில் ஏதாவது ஒன்று உங்கள் மகளுக்கு இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்த மாதிரி அறிகுறியோடு சர்க்கரை 200-க்கு மேல் காட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

எங்கள் அம்மா, "ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்குதான்னு பாருடா" என்றார். அந்தக் காலத்துப் பரிசோதனை. மதுமேகம் என்ற பேரே அதைத்தானே சொல்கிறது. நானும் இரண்டு நாள் பாத்ரூம் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு வரவில்லை என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டிலேயே மிஷின் உண்டு. பையனுக்குக் குத்திப் பார்த்தோம், 94. அம்மா கற்பூரம் ஏற்றினார். தாகம் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று நிற்கிறது. கூல் டிரிங்ஸ் கம்பெனிக்காரர்கள் காசு வாங்காமல் கொடுப்பது. அவர்கள் சரக்கை மட்டுமே அடுக்க வேண்டும், கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கரண்ட் பில் நம்முடையது. பெரிய பாட்டில் மேல்தட்டில், பத்து ரூபாய் மாம்பழப் பாக்கெட் கீழ்த்தட்டில். மூன்றடி உயரப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. மனைவி வேலைக்குப் போகிறவர், பையன் பகலெல்லாம் என்னோடும் அம்மாவோடும் கடையில்தான். "அப்பா, தாகம்" என்பான். தாகத்துக்கு இல்லை என்று எந்த அப்பன் சொல்வான்? மே மாத மெட்ராஸ் வேறு. கதவைத் திறந்துவிடுவேன்.

வில்லிவாக்கத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் கேட்டது இரண்டு கேள்வி. ராத்திரி தாகத்துக்கு எழுந்திருக்கிறானா? இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறானா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசையில் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினார். அதுவரை "தாகம், தாகம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன் டம்ளரைத் தள்ளிவிட்டான்.

"நிஜமா தாகம்னா தண்ணிய விடமாட்டாங்க சார். சில பிள்ளைங்களுக்குச் சிறுநீர அடக்குற ஹார்மோன்ல கோளாறு இருக்கும். அதுங்க குளிக்கிற பக்கெட்ல இருக்கிற தண்ணியக்கூட மொண்டு குடிக்கும். இவன் கேக்குறது தண்ணி இல்ல."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 'தாகம்' என்றால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். கற்றுக்கொடுத்தது நான்.

மூன்று நாளைக்கு வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். கடைக்காரனுக்கு நோட்டுப் போடச் சொல்லித்தர வேண்டுமா? கடன் நோட்டிலேயே ஒரு பக்கத்தைப் பிரித்து மேலே பையன் பெயரைப் போட்டுவிட்டேன். ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இப்படி வந்தது. காலை, மாலை, படுக்கும் முன் என்று பால் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லி, பச்சைப் பாக்கெட் ஆவின். ஒவ்வொன்றிலும் சர்க்கரை 10 கிராம், ஹெல்த் டிரிங்ஸ் பவுடர் 10 கிராம். மாம்பழப் பாக்கெட் இரண்டு. வெயிலுக்கு என்று அம்மா கலக்கிய குளுக்கோஸ் தண்ணீர், பவுடர் 20 கிராம். இட்லி அரை. தயிர்சாதம் நான்கு வாய். அவ்வளவுதான் சாப்பாடு.

டாக்டர் கால்குலேட்டரை என்னிடமே தள்ளினார். பால் மட்டும் 400 கலோரிக்கு மேல். அதில் போட்ட சர்க்கரையும் பவுடரும் 240. பாக்கெட் ஒன்று 150 மில்லி, 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 160 கலோரி. குளுக்கோஸ் 80. கூட்டினால் 900-ஐ நெருங்குகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 1000 சொச்சம்தான். சோறு எங்கே போய் உட்காரும்? ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று நாங்கள் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த பிள்ளை காலையிலிருந்து முழுச் சாப்பாடு குடித்துக்கொண்டிருந்தான்.

பவுடரில் கலந்திருப்பதையும் சேர்த்துச் சர்க்கரையை மட்டும் தனியாகக் கூட்டினால் ஏறக்குறைய 100 கிராம் வந்தது. சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. இவன் கணக்குக்கு அது 25 கிராம். நான்கு மடங்கு போயிருக்கிறது, அதுவும் என் கையால்.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லையாம். 1995-லேயே இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர்கள் இதற்கு 'ஸ்குவாஷ் டிரிங்கிங் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஸ்குவாஷ் என்பது தண்ணீர் கலந்து குடிக்கும் தித்திப்புப் பழப் பானம். பசியின்மை, எடை ஏறாமை, தண்ணீராகப் போகும் மலம், சாப்பாட்டு வேளையில் ரகளை. நாலும் எங்களுக்குப் பொருந்தியது. தித்திப்புத் தண்ணீர் குடலுக்குள் போனால் உடம்பில் இருக்கிற நீரையும் உள்ளே இழுக்கும். மலம் இளகும், உடம்பு நீரை இழக்கும், வாய் பிசுபிசுக்கும், மறுபடி 'தாகம்'. நான் மறுபடி கதவைத் திறப்பேன்.

குண்டுப் பிள்ளைக்குத்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். மூன்று வயது தாண்டியும் அவன் எடை 11.4 கிலோ; வளர்ச்சி அட்டையில் கடைசிக் கோட்டை ஒட்டி. ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதில் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து கிடையாது என்றே சொல்லலாம், பால் ரொப்பிய வயிறு இரும்பு இருக்கிற சாப்பாட்டையும் உள்ளே விடாது. ரத்தம் குறைந்தால் பசி இன்னும் மந்தம். ஒரு நாளைக்குப் பால் 400, மிஞ்சிப் போனால் 500 மில்லி என்று வரம்பு போட்டார்கள். இரும்பு மருந்து மூன்று மாதம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். பாலோடு சேர்த்து மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது.

பசி டானிக் கேட்டீர்கள். நாங்களும் கேட்டோம். மெடிக்கலில் சுலபமாகக் கிடைக்கிற பசி சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது அடிப்படையில் அலர்ஜி மருந்து. பசி அதன் பக்கவிளைவு, தூக்கம் இன்னொன்று. வயிற்றை ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டே இன்னொரு பக்கம் பசியைத் தூண்டி என்ன ஆகப்போகிறது? டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வாங்காதீர்கள்.

பேர் பார்த்து ஏமாந்தது இன்னொன்று. பேதியான சமயம் ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல், கேட்டேன், பெட்டியில் அடைத்த ஆப்பிள் சுவைப் பானம் ஒன்று கொடுத்தார்கள், அந்த மூன்றெழுத்து பெரிதாகவே போட்டிருந்தது. குடிக்கக் குடிக்கப் பேதி கூடியது. உண்மையான ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்தப் பெட்டியில் அதைப் போலப் பல மடங்கு. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை இப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. 'ஹெல்த் டிரிங்ஸ்' கதையும் அதேதான். சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை, அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது. என் கடை அலமாரியில் அது இன்னும் சத்துப் பொருள் வரிசையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் அங்கேதான் தேடுகிறார்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? டாக்டர் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. பாக்கெட்டைத் தராமல் டம்ளரில் ஊற்றிப் பாதித் தண்ணீர் கலந்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கூட்டினோம். பத்தாவது நாள் மஞ்சள் நிறம் மட்டும்தான் மிச்சம், அவனுக்கே அலுத்துப்போனது. பால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்னால். பவுடர் நின்றது. பால் பாட்டில் குப்பைக்குப் போனது. மேல்வரிசை முன்பல் இரண்டு ஏற்கெனவே சொத்தை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் தண்ணீர் மட்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை மறைத்து அரிசி மூட்டையைப் போட்டேன். கம்பெனி ஆள் வந்து முறைத்தார். மண்பானை ஒன்று வாங்கி, அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்து, அவனுக்கென்று ஒரு குட்டி டம்ளரும் வைத்தேன். தானே மொண்டு குடிப்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

முதல் மூன்று நாள் நரகம். பெற்ற பிள்ளைக்கு வெறும் தண்ணியக் கொடுக்கிறான் பாவி என்று அம்மா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மத்தியானம் அவனே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பருப்பு சாதம், நெய், அப்பளம். ஒரு கரண்டிதான். ஆனால் யாரும் ஊட்டவில்லை, டிவி ஓடவில்லை. நான்கு மாதத்தில் எடை 12.6. அந்த இளகிய மலம் பத்து நாளிலேயே சரியாகிவிட்டது.

வீட்டில் பிழிந்த ஜூஸ் என்றால் பரவாயில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் சொன்னது: ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம், அதுவும் கலப்பில்லாத பழச்சாறு. சாத்துக்குடியைச் சுளையாகவே கொடுத்துவிடுங்கள். நீர்மோர் தாராளமாக. இளநீர் எப்போதாவது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கோலாவை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது நானும் உள்ளூர்ச் சோடாவை அடுக்கிப் பெருமைப்பட்டவன்தான். சர்க்கரைக்கு ஊர்ப்பற்று கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

ஆக, சர்க்கரையைப் பார்த்து, சரியாக இருந்தால் நீங்களும் மூன்று நாள் நோட்டுப் போடுங்கள். நோட்டோடு குழந்தை டாக்டரிடம் போங்கள். எழுதும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கோபப்படாமல் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கணக்கு முழுசாக வராது. நான் எழுதிய பக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் என்றுதானே இருந்தது? சரக்கு எடுக்கக் கோயம்பேடு போகிற நாளெல்லாம் மூன்று என்று அம்மா ஒப்புக்கொண்டது போன வருஷம்தான்.