வலி குறைந்தது மருந்தாலா? - பயனீட்டாளர் கேள்வி-பதில்

அம்மாவின் மூட்டுவலிக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மாஜுன் என்ற மூலிகை லேகிய டப்பா வாங்கினேன். மூன்றே நாளில் வலி போய்விட்டது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் உப்பியிருக்கிறது, இனிப்பு நீரும் ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா? (செந்தூல் வாசகி)

நீங்களாக நிறுத்தாதீர்கள், தங்கச்சி. இன்றே அம்மாவையும் டப்பாவையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட டப்பாக்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முகம் உப்புவதும் சீனி ஏறுவதும் அதற்கான அறிகுறிகள். நெடுநாள் தின்றுவிட்டுச் சட்டென்று விட்டால் உடம்பு தாங்காது. டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் அரசு மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண் 'டி' (T) எழுத்தில் முடியும். அப்படி இருந்தாலும், பாதுகாப்பும் தரமும் பார்த்துக் கொடுத்த பதிவுதான் அது, நோய் தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. அம்மா வலியில் துடிக்கும்போது எந்தப் பிள்ளைதான் வாங்கித் தராது? தப்பு விற்றவன்மேல்.

புற்றுநோயைக் குணப்படுத்தும் தண்ணீர் இயந்திரம், 6,000 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாமா? (கிள்ளான்)

வேண்டாம். புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம்.

ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர், 20 முறைக்கு ஒரே பேக்கேஜ். நோயாளிகள் பேசும் வீடியோக்களைக் காட்டினார்கள். நம்பலாமா? (பட்டர்வொர்த்)

அந்த வீடியோக்களை ஒதுக்கி வையுங்கள். எனக்குப் பல வருட ஆதங்கம் இது. முதுகுவலி உச்சத்தில் இருந்தபோது 2,800 வெள்ளி கொடுத்துக் காந்த மெத்தை வாங்கினேன். இரண்டு வாரத்தில் வலி குறைந்தது. ஊரெல்லாம் சொன்னேன், என் பேச்சை நம்பிச் சித்தியும் வாங்கினார். அடுத்த வருடம் அதே மெத்தையில் படுத்திருக்கும்போதே வலி திரும்பி வந்தது. வலி ஏறும், இறங்கும். ஏறி நிற்கும்போதுதான் நாம் காசை எடுக்கிறோம். அப்புறம் அது தானாக இறங்கினாலும் பெயர் மெத்தைக்குப் போகிறது. சித்தியின் பணம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அதனால் 'எத்தனை பேருக்குக் குணமானது' என்பதோடு நிற்காதீர்கள். 'அதைச் செய்யாதவர்களில் எத்தனை பேருக்கு?' என்று கேளுங்கள். அக்குபங்சரை அப்படிப் பரிசோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை, இன்னொரு குழுவுக்குப் பெயருக்கு ஊசி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பாய்வில், ஒற்றைத் தலைவலி பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தவர்கள், உண்மை ஊசியில் நூற்றுக்கு 50 பேர், போலி ஊசியில் 41 பேர். பலன் உண்டு, ஆனால் ஊசிக்கே உரிய பங்கு சிறியது. ஐந்து முறைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தலைவலி வந்த நாட்களை, தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலண்டரில் குறித்து வாருங்கள். உங்கள் பக்கத்தில் கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007-லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கினார்கள், அங்கேயும் விசாரியுங்கள்.

மூலிகை எண்ணெய்க்கு மூன்றாவது முறையாக ஏமாந்தேன். ரசீது இல்லை, போன் எண்ணும் வேலை செய்யவில்லை. (பிரிக்பீல்ட்ஸ்)

மூன்றாவது முறையுமா ரசீது கேட்கவில்லை, ஐயா? பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, இரண்டையும் அழிக்காமல் வைத்துப் போலீஸில் புகார் கொடுங்கள். விற்றவரின் பெயரும் முகவரியும் கிடைத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. நான்காவது பாட்டிலுக்கு மட்டும் பணம் அனுப்பிவிடாதீர்கள்.