பிரிண்டரோடு வந்து ஒட்டிக்கொள்ளும் மென்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், புதிதாக எப்சன் எல்3250 வாங்கினோம். கூடவே வந்த சாஃப்ட்வேரைப் போட்டதிலிருந்து லேப்டாப் ஆன் ஆகவே நேரம் எடுக்கிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் பிரிண்ட் வருமா?

பதில்: எல்லாவற்றையும் நீக்க வேண்டாம். பிரிண்ட் எடுக்க இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று உங்கள் மாடலுக்கான டிரைவர் (கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேச வைக்கும் மென்பொருள்), இன்னொன்று பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்ப விண்டோஸிலேயே இருக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இவை இரண்டுமே வராது. ஆகவே அந்தப் பட்டியலில் பிரிண்டர் கம்பெனி பெயரில் இருப்பதைத் தைரியமாக நிறுத்தலாம், பிரிண்ட் நிற்காது.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், வேண்டாததன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் வழக்கம்போல நடந்தால் அப்புறம் அன்இன்ஸ்டால் செய்யலாம். டிஸேபிள் செய்ததை ஒரே கிளிக்கில் திருப்பிவிடலாம். அன்இன்ஸ்டால் செய்ததைத் திரும்பத் தேடி இறக்க வேண்டும்.

அன்இன்ஸ்டால் செய்யும் இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எப்சனில் மாடல் பெயரோடு 'பிரிண்டர் அன்இன்ஸ்டால்' என்று ஒரு வரி இருக்கும். கேனானில் அதே போல 'எம்பி டிரைவர்ஸ்', எச்பியில் 'பேசிக் டிவைஸ் சாஃப்ட்வேர்' என்று முடியும். இவைதான் டிரைவர். இவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, எதெதை நிறுத்தலாம் என்று பெயர் சொல்லிச் சொன்னால் நல்லது.

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது பிரிண்டரில் உள்ள ஸ்கேன் பட்டனை அழுத்துகிறீர்களா, கம்ப்யூட்டரில் இருந்து தொடங்குகிறீர்களா? கம்ப்யூட்டரில் இருந்துதான் என்றால் ஸ்டார்ட்அப்பில் பிரிண்டர் சார்பாக எதுவுமே தேவையில்லை. பட்டனை அழுத்துபவராக இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எப்சனில் அது ஈவென்ட் மேனேஜர். எச்பியில் ஸ்கேன் டு பிசி ஆக்டிவேஷன் ஆப். பிரதரில் கன்ட்ரோல் சென்டர். வைஃபையில் இருக்கும் கேனானுக்கு ஐஜே நெட்வொர்க் ஸ்கேனர் செலக்டர்.

மற்றவை போகலாம். கேனான் குயிக் மெனு வெறும் ஷார்ட்கட் பட்டைதான். எச்பியின் 'பிராடக்ட் இம்ப்ரூவ்மென்ட் ஸ்டடி', நீங்கள் பிரிண்டரை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்ற தகவலைக் கம்பெனிக்கு அனுப்புவதற்காக இருப்பது. உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, முதலில் அதை எடுங்கள். ஸ்டேட்டஸ் மானிட்டர் இல்லாவிட்டால் இன்க் அளவு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். இன்க் டேங்க் பிரிண்டர்களில் திரையில் காட்டும் அளவு ஒரு கணக்கீடுதான். டேங்கைக் கண்ணால் பார்ப்பதே சரி, எப்சன் கையேடும் அதைத்தான் சொல்கிறது.

கேள்வி: ஸ்டார்ட்அப் பட்டியலில் 'ஹை இம்பாக்ட்' என்று காட்டுவது எவ்வளவு மோசம்?

பதில்: கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பிராசஸரை 1 நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ விண்டோஸ் அதை 'ஹை' என்று குறிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாகத் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஐந்தாறு சேர்ந்தால் நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இவற்றை நிறுத்திய பிறகும் மெதுவாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றுவதுதான் வழி.

கேள்வி: நானும் டிஸேபிள் செய்துவிட்டேன் தம்பி. கொஞ்ச நாளில் திரும்ப வந்து நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் அப்டேட்டர்தான் அம்மா. புது பதிப்பை இறக்கும்போது தன்னை மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அதனால் அன்இன்ஸ்டால் செய்ய முதல் ஆள் அப்டேட்டர். அதன் பிறகும் வந்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து கம்பெனி பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் தெரியாமல் இங்கிருந்து இயங்குபவை உண்டு. அங்கும் டிஸேபிள் கொடுக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் பழகிய பிள்ளைகள் யாராவது இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தானாகத் தொடங்கும் எல்லாமே அதில் ஒரே இடத்தில் தெரியும். மைக்ரோசாஃப்ட் சார்ந்தவற்றை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் பார்த்தால் குழப்பம் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டில் எச்பி பிரிண்டரே கிடையாது. ஆனால் எச்பி ஸ்மார்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது! வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை. 2023 கடைசியில் இது பல நாடுகளில் நடந்தது. எச்பி ஸ்மார்ட் தானாக வந்ததோடு, வேறு கம்பெனி பிரிண்டர்களின் பெயர்கூட எச்பி லேசர்ஜெட் எம்101-எம்106 என்று மாறிவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு டிசம்பரில் சரிசெய்யும் கருவி ஒன்றை வெளியிட்டது. நீங்கள் தயங்காமல் அன்இன்ஸ்டால் செய்யலாம். இனி இப்படி வராமல் இருக்க, ஸ்டார்ட் மெனுவில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி, கம்பெனி ஆப்களைத் தானாக இறக்கவா என்ற கேள்விக்கு 'நோ' கொடுங்கள்.

கேள்வி: பிரிண்ட் ஸ்பூலரையும் நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அதை நிறுத்தினால் பிடிஎஃப் ஆகப் பிரிண்ட் கொடுப்பதுகூட வேலை செய்யாது.

கேள்வி: அடுத்த மாதம் பிரிண்டர் வாங்கப் போகிறேன். இந்தத் தொல்லையே இல்லாமல் பொருத்த வழி உண்டா?

பதில்: உண்டு. பெட்டியில் வரும் சிடியைப் போடாதீர்கள். விண்டோஸ் 10-இன் 21எச்2 பதிப்பு முதல், மோப்ரியா என்ற, பல கம்பெனிகளுக்கும் பொதுவான பிரிண்டிங் தரத்தில் உள்ள பிரிண்டர்களை விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டே இயக்கும். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய் 'ஆட்' கொடுத்தால் போதும்.

ஆனால் இன்க் டேங்க் வாங்குபவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். இன்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக், அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங் எல்லாம் கம்பெனி டிரைவரில்தான் வசதியாக இருக்கின்றன. நாலு நாள் பிரிண்ட் எடுக்காமல் விட்டு, கோடு கோடாக வரும்போது அதன் அருமை தெரியும். கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மொத்தப் பேக்கேஜும் தனி டிரைவரும் வெவ்வேறாக இருக்கும். பிரிண்டர் டிரைவரையும் ஸ்கேனர் டிரைவரையும் மட்டும் எடுங்கள்.

தயவுசெய்து கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தில் கிளிக் செய்யாதீர்கள். கம்பெனி பக்கம் போலவே காட்டி, 'டிரைவர் பிழை' என்று பயமுறுத்தி, ஒரு நம்பருக்கு அழைக்கச் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. ரிமோட்டில் வருகிறோம் என்று யார் சொன்னாலும் அனுமதி கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பிரிண்டரைக் கொடுத்துவிட்டோம். அதன் டிரைவர் மட்டும் போக மறுக்கிறது.

பதில்: செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதியிலிருந்து முதலில் அந்தப் பிரிண்டரை நீக்குங்கள். அதே பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' இருக்கும். அதில் டிரைவர்ஸ் பகுதிக்குப் போய், பழைய மாடலைத் தேர்ந்து, டிரைவரையும் பேக்கேஜையும் சேர்த்து ரிமூவ் கொடுங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு உடனே முயலுங்கள், போய்விடும்.