டிவிஎஸ் குடும்பம் முதலில் செய்த தொழில் எது? மொபெட்டா, உதிரிபாகமா?

இரண்டும் இல்லை, பஸ். டிவிஎஸ் 50 வந்தது 1980-ல்தான். திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-லேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டுவிட்டார். வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் உத்தியோகம் எல்லாம் பார்த்துவிட்டு இதில் இறங்கியவர். அப்புறம் மதுரையில் வேரூன்றினார். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது கரி பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸை ஷெட்டில் போட்டுப் பூட்டாமல், டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்று ஒன்றை அவர்களே செய்தார்கள். உயரமான இரும்பு டிரம்மில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும், அதைக் குளிரவைத்து, தூசு வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். காலையில் கரி பற்றிக்கொள்ளும்வரை வண்டி நகராது, மேடு வந்தால் திணறும், சாம்பலை வேறு அள்ளிக் கொட்டணும். ஆனாலும் பஸ் ஓடியது! வண்டி நிற்கக் கூடாது என்கிற அந்தப் பிடிவாதம்தான் அவர்களைத் தயாரிப்பாளர்களாக ஆக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தொழிற்சாலைகள் எப்போது வந்தன? ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் பெரிய ஏஜென்சியாகவும் அவர்கள் இருந்தார்கள். இங்கேயே உற்பத்தி செய்யாமல் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கிற கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று 1953-ல் அரசு முடிவெடுத்ததும், அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் ஆலையை மூடிவிட்டது. விற்க வண்டி இல்லை, வெளிநாட்டு உதிரிபாகத்துக்கும் கட்டுப்பாடு, அதனால் இங்கேயே தயாரிப்பதுதான் வழி. 1955-ல் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அதற்குப் பிறகு தயாரிப்பை விரித்தது மகன்கள்தான்.

எலெக்ட்ரிக்கல் பக்கம் வந்தது 1961-ல். பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸைத் தொடங்கினார்கள். வண்டிக்கு மின்சாரம் தரும் டைனமோ, அதை ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் அங்கே தயாராயின. அந்த லூகாஸும் ஜோசப் லூகாஸ், மகன் ஹாரி என்று அப்பாவும் பிள்ளையுமாக விளக்கு செய்து வளர்த்த கம்பெனிதான். அடுத்த வருடமே பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டன் வந்தது. அதன் மொபெட் பிரிவுதான் பிற்பாடு ஓசூரில் டிவிஎஸ் 50-ஐச் செய்தது.