கைப்பேசியில் அழித்தால் இணையத்திலும் அழியுமா?

கேள்வி: கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்களைக் கைப்பேசியிலிருந்து நீக்கலாமா? மதிப்பெண் சான்றிதழையும் அங்கேயே வைக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பதில்: நீக்கலாம், ஆனால், அந்தச் செயலிக்குள் வழக்கம்போல் அழித்தால், கைப்பேசியில் உள்ளதோடு இணையத்தில் உள்ள பிரதியும் குப்பைத்தொட்டிக்குச் சென்று, 60 நாள்களுக்குப் பின் மீட்க இயலாதபடி மறைந்துவிடும் என்பதால், ஏற்றப்பட்டவற்றைக் கைப்பேசியிலிருந்து மட்டும் அகற்றி இடத்தை விடுவிக்கும் வசதியையே பயன்படுத்துங்கள். பலரும் இழந்த பிறகே இதை அறிகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மின்னஞ்சலுக்கும் சேர்த்தே தரப்படுகிறது. 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அதில் கணக்காகின்றன.

சான்றிதழுக்கு, மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரே பொருத்தம். வழங்கிய துறையிடமிருந்தே அதில் நேரடியாக வந்துசேரும் ஆவணம் மூலத்துக்கு இணையானது. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் நகல்தான்.