அப்பா பாதியில் எழுந்து போன படம்

கேள்வி: எனக்கு 46 வயது, அப்பாவுக்கு 78. அம்மா போன பிறகு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சாப்ளின், லாரல்-ஹார்டி எல்லாம் இரண்டு முறை பார்த்தாயிற்று. அலுவலகத்தில் ஒருவர், பழைய பிரிட்டிஷ் காமெடிப் படங்களைப் பார்க்கச் சொன்னார். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' போட்டேன். இருபது நிமிடத்தில் அப்பா எழுந்துவிட்டார். "ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான், ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்குறாங்க, இதுல என்ன காமெடி?" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே தப்பு செய்தேன்? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மேலும் தப்பில்லை, அப்பா மேலும் தப்பில்லை. கடைசியில் பார்க்க வேண்டிய படத்தை முதலில் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அது அருமையான படம். ஆனால் அதன் சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. கதாநாயகன் கதை சொல்லும் அந்தப் பதவிசான ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைக் காதில் வாங்காவிட்டால் படம் கையை விட்டுப் போய்விடும்.

அப்பா கேட்டது நல்ல கேள்வி. "ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்குறாங்க" என்று அவர் குறையாகச் சொன்னதுதான் இந்தப் படங்களின் உயிர். சாப்ளின் விழுந்து எழுந்தால், நாம் சிரிப்பதற்காகவே அது நடக்கிறது என்று நமக்குத் தெரியும். இங்கே யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. அவரவர் பிழைப்பை, மானத்தை, தேநீர் நேரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அக்கறையைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வரவேண்டும். இது ஒன்று பிடிபட்டுவிட்டால் போதும்.

நீங்கள் போட்ட படம், மேற்கு லண்டனில் உள்ள ஈலிங் ஸ்டூடியோவில் எடுத்தது. மைக்கேல் பால்கன் அதன் தலைவராக இருந்த காலத்தில், 1947 முதல் 1955 வரை, அங்கிருந்து ஒரு கொத்து காமெடிப் படங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கச் சரியான அளவு.

நாளைக்கே 'தி லேடிகில்லர்ஸ்' போடுங்கள். 1955இல் வந்தது, வண்ணப்படம், இயக்கியவர் அலெக்ஸாண்டர் மெக்கென்ட்ரிக். பெயரைத் தேடினால் 2004இல் அமெரிக்காவில் எடுத்த மறு ஆக்கமும் வரும். ஆண்டைப் பார்த்துப் போடுங்கள்.

லண்டனில் ரயில்பாதையை ஒட்டி, குண்டுவீச்சில் ஒரு பக்கம் சாய்ந்துபோன வீடு. அதில் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் என்ற வயதான விதவை, கிளிகளோடு தனியாக இருக்கிறார். சுவரில் படத்தை எப்படி மாட்டினாலும் கோணலாகத்தான் நிற்கும். குழாயில் தண்ணீர் வர மரச் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். மாடி அறைக்கு ஒரு பேராசிரியர் வாடகைக்கு வருகிறார். நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து சங்கீதம் பயிற்சி செய்யப்போவதாகச் சொல்கிறார். ஐந்து பேருமே கொள்ளைக்காரர்கள். கதவைச் சாத்திக்கொண்டு பொக்கெரினி என்ற இசையமைப்பாளரின் இசைத்தட்டைச் சுழலவிட்டு, உள்ளே திட்டம் போடுகிறார்கள்.

அப்புறம்தான் பாட்டியம்மா கதவைத் தட்டுகிறார். தேநீர் வேண்டுமா என்று கேட்கத்தான். உள்ளே ஒருவர் இசைத்தட்டை நிறுத்த ஓட, மற்றவர்கள் ஆளுக்கொரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, இதுவரை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் போல நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. "வேண்டாம் அம்மா, ரொம்ப நன்றி." கதவு மூடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டல். இதற்கு எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் அன்பாக வந்து கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்ல முடியாத சங்கடம் உங்கள் அப்பாவுக்கு உடனே புரியும். கொலைக்கும் துணிந்தவர்கள் அந்த ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பதுதான் மொத்தப் படமும்.

செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) பெட்டியின் வார் வாசல் கதவில் சிக்கிக்கொள்ளும் காட்சிக்காகக் காத்திருங்கள். அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. பாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனுக்கு அப்போது கிட்டத்தட்ட உங்கள் அப்பாவின் வயதுதான். அந்த வேடத்துக்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது வாங்கினார். பேராசிரியராக வருபவர் அலெக் கின்னஸ். இளைய கொள்ளைக்காரராக வருபவர் பீட்டர் செல்லர்ஸ். 'பிங்க் பேந்தர்' படங்கள் பார்த்திருந்தால் அப்பா முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

அடுத்து 'விஸ்கி கலோர்'. 1949, இதுவும் மெக்கென்ட்ரிக்கின் படம், அவருடைய முதல் படம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே பாரா தீவுக்கே போய் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம், தீவில் ஒரு சொட்டு விஸ்கி இல்லை. பெட்டி பெட்டியாக விஸ்கி ஏற்றிய கப்பல் ஒன்று பாறையில் தட்டி நிற்கிறது. 1941இல் எரிஸ்கே தீவருகே 'பொலிட்டீஷியன்' என்ற கப்பல் உண்மையிலேயே இப்படிச் சிக்கியது. படத்தில் ஊரே படகை எடுக்கும் நேரத்தில் மணி பன்னிரண்டு அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது, ஓய்வு நாளில் வேலை செய்யக் கூடாது. அத்தனை ஆண்களும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் முழுக்கக் கப்பல் மூழ்கிவிடுமோ என்று கடலைப் பார்த்தபடியே இருக்கிறார்கள். அடுத்தவர் சரக்கை எடுக்கக் கூசாதவர்கள், அந்த ஒரு நாளை மட்டும் மீறமாட்டார்கள். அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவதாக 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. இதைப் போடுவதற்கு முன் அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். போரில் வென்ற பிறகும் பிரிட்டனில் ரேஷன் கட்டுப்பாடு நிற்கவில்லை. 1940இல் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலை வரை நீடித்தது. போர் நடந்தபோது ரேஷனில் இல்லாத ரொட்டிகூட, முடிந்த பிறகு 1946இல் ரேஷனுக்கு வந்தது. படம் வந்த 1949 வசந்தத்தில்தான் துணிக்கான ரேஷன் நீங்கியிருந்தது. இதையெல்லாம் அனுபவித்த சனம் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த படம் இது. லண்டனில் ஒரு தெருவே, பழைய சாசனம் ஒன்றின்படி தாங்கள் பிரிட்டனில் இல்லை, பர்கண்டியைச் (இன்றைய பிரான்ஸில் உள்ள பகுதி) சேர்ந்தவர்கள் என்று கண்டுபிடிக்கிறது. பர்கண்டிக்காரர்களுக்கு ரேஷன் கட்டுப்பாடு கிடையாது! அன்று இரவே ரேஷன் புத்தகங்களைக் கிழித்துப் போடுகிறார்கள். அரசாங்கம் சும்மா இருக்குமா? எல்லையை மூடுகிறது, தண்ணீரை நிறுத்துகிறது. அக்கம்பக்கத்து லண்டன்வாசிகள் வேலிக்கு வெளியிலிருந்து சாப்பாட்டை வீசிக் கொடுக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் மணிக்கணக்காக நின்ற தலைமுறை உங்கள் அப்பாவுடையது. அந்தப் புத்தகம் கிழிபடும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

இன்னும் வேண்டுமென்றால் 'தி லாவண்டர் ஹில் மாப்', 1951. வங்கித் தங்கத்துக்கு இருபது வருடம் காவலாகப் போய்வந்த குமாஸ்தா, அதையே கடத்தி, உருக்கி, ஐஃபெல் கோபுரப் பொம்மைகளாக வார்த்து வெளியே அனுப்பும் கதை. இதன் திரைக்கதையை எழுதிய டி.இ.பி. கிளார்க் என்பவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பிம்லிகோவும் அவர் எழுதியதுதான்.

யாராவது 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் காமெடிப் பட வரிசையைச் சொன்னால், அது வேறு ருசி. 1958இல் தொடங்கி முப்பது படங்களுக்கு மேல் வந்தன. இரட்டை அர்த்தப் பேச்சு நிறைய. அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கத் தோதுப்படாது. அதைவிட, சாப்ளினை ரசிப்பவருக்கு நார்மன் விஸ்டம் என்ற பிரிட்டிஷ் காமெடி நடிகர் பொருந்துவார். 1953இல் வந்த 'டிரபிள் இன் ஸ்டோர்' நல்ல தொடக்கம்.

சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள், ஆங்கிலத்திலாவது. பழைய ஒலிப்பதிவு, வேகமான பேச்சு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தேவைப்படும். அப்பா கண்ணுக்கு அது சிரமம் என்றால், நடுநடுவே நிறுத்தி ஒரு வரியில் நீங்களே சொல்லுங்கள். நிறுத்தினால் படம் கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். சேர்ந்து உட்காரத்தானே படம் போடுகிறீர்கள்? முதல் கால் மணி நேரத்தில் சிரிப்பு வராவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வீட்டையும் தெருவையும் ஆட்களையும் நமக்குப் பழக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த மூன்றும் பார்த்த பிறகு, நீங்கள் விட்ட படத்துக்குத் திரும்பி வாருங்கள். போடும் முன் அப்பாவிடம் கதையைச் சொல்லிவிடுங்கள்: காதலித்தவனைக் கட்டிக்கொண்டதற்காக ஒரு பெண்ணைப் பிரபுக் குடும்பம் ஒதுக்குகிறது, செத்த பிறகு குடும்பக் கல்லறையில்கூட இடம் தரவில்லை. அவள் மகன், பட்டத்துக்குத் தனக்கு முன்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான், மரியாதை குறையாமல். அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேரும் ஒருவரே, அலெக் கின்னஸ். பாதிரியார், தளபதி, கிழவர், பெண் எல்லாம் அவர்தான். மீசையும் விக்கும் மாறுவதோடு நிற்காது. நடையும் மூச்சும்கூட மாறும். ஓரிடத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று வருகிறது. அந்தக் காலத்துப் பழக்கம்தான் என்றாலும் காதில் குத்தும், தெரிந்துகொண்டு பாருங்கள்.

இந்த முறை அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். கின்னஸ் ஒவ்வொரு வேடத்தில் வரும்போதும் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். பலூனில் ஏறிப் போகும் லேடி அகதாவையும் சேர்த்து.