கீமோ குமட்டலுக்கு மணிக்கட்டை அமுக்கினால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. வீட்டில் பீடி சுற்றுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வலது பக்கம் ஆபரேஷன் முடிந்து, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கீமோ போகிறது. இரண்டு தடவை ஏற்றியாயிற்று. சிவப்பு மருந்து ஏற்றிய மறுநாளிலிருந்து மூன்று நாலு நாளைக்கு ஒரே உமட்டல். சோறு வடிக்கிற வாசனைகூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு அக்குபிரஷர் மையத்தில், "இது உலக அளவில் ஆராய்ச்சியில் நிரூபித்தது, பத்து சிட்டிங் வந்தால் வாந்தி மாத்திரையே தேவையில்லை" என்கிறார்கள். ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? கூடவே ஒன்று: அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகர், பாதத்தில் எரிச்சல். ரதவீதியில் விற்கிற முள் வைத்த அக்குபிரஷர் செருப்பு வாங்கிக் கொடுக்கலாமா?
— முக்கூடலிலிருந்து ஒரு வாசகி

பதில்: பணம் கட்ட வேண்டாம். குமட்டலுக்கென்று மணிக்கட்டருகே அமுக்குகிற அந்த இடத்தை வீட்டிலேயே நீங்கள் அமுக்கிவிடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் வாந்தி மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது.

மையத்துக்காரர்கள் சொல்கிற "ஆராய்ச்சி" முழுப் பொய் இல்லை, அதனால்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். அக்குபிரஷரைப் பற்றி ஆங்கில மருத்துவத்தில் உருப்படியாக நடந்த ஆராய்ச்சியில் கணிசமான பகுதி எங்கள் துறையைத் தொட்டே நடந்தது. காரணம், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறபோது வருகிற வாந்தி எங்களுக்கு அன்றாடத் தலைவலி. 1980களில் அயர்லாந்துத் தீவின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டண்டி என்ற மயக்கவியல் பேராசிரியர், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஒரு புள்ளியில் ஊசி செருகி, சின்ன ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம் சோதித்தார். வாந்தி குறைந்தது. சீன முறையில் அந்தப் புள்ளிக்கு நெய்குவான் என்று பெயர். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பி.சி.6 என்று எழுதுவார்கள். பிறகு அவரே இன்னொன்றும் செய்து பார்த்தார்: அந்த இடத்தை மரத்துப்போக வைத்துவிட்டு ஊசி போட்டால் பலன் காணாமல் போனது. அந்தப் புள்ளிக்கு நேர் அடியில் கையின் நடு நரம்பு போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், ஏதோ ஒரு சேதி நரம்பு வழியாகத்தான் மேலே போகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

அதற்கப்புறம் உலகம் பூராவும் பலர் இதைச் செய்து பார்த்தார்கள். ஊசி, விரல், மின்தூண்டல், பொத்தான் வைத்த பட்டை என்று பல வழிகளில். அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2015இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது: 59 ஆய்வுகள், 7,667 பேர். பொய்யாக வேறு இடத்தைத் தூண்டியவர்களைவிட, இந்தப் புள்ளியைத் தூண்டியவர்களிடம் வாந்தி சுமார் நாற்பது சதவீதம் குறைவு. அதாவது முப்பது பேர் வாந்தியெடுக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேர். ஆனால் அந்த ஒப்பீட்டின் ஆதாரத் தரம் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, நடத்திய விதத்திலும் ஓட்டைகள்.

சரி, இது ஆபரேஷன் வாந்தி. உங்கள் அம்மாவுக்கு இருப்பது கீமோ குமட்டல். விளம்பரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

கீமோவிலும் இரண்டு வகை உண்டு. மருந்து ஏற்றிய முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. மறுநாளுக்கு மேல் வந்து நாலைந்து நாள் இழுப்பது மற்றொன்று. உங்கள் அம்மா படுவது இரண்டாவது. 2006இல் காக்ரேன் தொகுத்த முடிவில், அக்குபிரஷர் முதல் நாள் குமட்டலின் கடுமையைக் கொஞ்சம் குறைத்தது, வாந்தியைக் குறைக்கவில்லை. பிந்தி வருகிற குமட்டலுக்குப் பலன் தெரியவில்லை. 2013இல் பிரிட்டனில் 500 கீமோ நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பகுதியினருக்கு அக்குபிரஷர் பட்டை, ஒரு பகுதியினருக்குப் போலிப் பட்டை, மீதிப் பேருக்குப் பட்டையே இல்லை. குமட்டலில் புள்ளிவிவரப்படி பேர் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. பட்டை கட்டிய இரண்டு கூட்டத்துக்கும் குமட்டல் லேசாகக் குறைவுதான், ஆனால் நிஜப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் வேறுபாடு இல்லை.

மையத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்: அந்த ஆராய்ச்சிகளில் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிட்டா அமுக்கினார்கள்? இல்லை. கீமோ ஆய்வுகளில் எல்லோரும் வழக்கமான வாந்தி மருந்தைப் போட்டுக்கொண்டே, அதற்கு மேல்தான் அமுக்கினார்கள். "மாத்திரை வேண்டாம்" என்பது எந்த ஆராய்ச்சியும் சொல்லாதது, அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

யார் எந்த ஆராய்ச்சியைக் காட்டினாலும், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்பது நல்லது. முழங்கால் மூட்டுவலியில் இது அழகாகத் தெரியும். 2024இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வில் 314 பேரில் ஒரு பாதிக்குத் தாங்களே அமுக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள், மறுபாதிக்கு மூட்டுப் பராமரிப்பு வகுப்பு. பன்னிரண்டு வாரத்தில் அமுக்கியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் அதற்கு முன்பு 2018இல் அமெரிக்காவில் 150 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், சரியான புள்ளியை அமுக்கியவர்கள் ஒரு கூட்டம், சம்பந்தமில்லாத புள்ளியை அமுக்கியவர்கள் ஒரு கூட்டம், ஒன்றும் செய்யாதவர்கள் ஒரு கூட்டம். முதல் இரண்டு கூட்டத்துக்கும் வலி குறைந்தது, இரண்டுக்கும் நடுவே வேறுபாடு இல்லை! வலியும் குமட்டலும் இரத்தப் பரிசோதனையில் தெரிகிற சங்கதிகள் அல்ல, நோயாளி வாயால் சொல்வதுதான் அளவு. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து அமுக்கிவிடும்போது கிடைக்கிற ஆறுதலும் அந்த அளவில் சேர்ந்துகொள்ளும். அதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு ஆறாயிரம் ரூபாய் கேட்டால் யோசிக்க வேண்டியதுதான். மகள் செய்தால் சும்மா கிடைப்பது.

நீங்களே செய்கிற விதம் இது. அம்மாவின் இடது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புங்கள். மணிக்கட்டு மடிகிற கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரலைக் குறுக்காக வைக்க வேண்டும். உங்கள் விரல் அல்ல, அம்மாவின் மறுகை விரல். ஒவ்வொருவர் உடம்புக்கும் அவரவர் விரல்தான் அளவு. மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், லேசாகக் கை முஷ்டி பிடித்தால் இரண்டு தசைநார் கயிறு போல எழும்பும். அவற்றுக்கு நடுவில் உள்ள பள்ளம்தான் இடம். கட்டைவிரலின் சதைப் பகுதியால், நகம் படாமல், மந்தமாக ஒரு வலி தெரிகிற அளவுக்கு அமுக்கி, சின்ன வட்டமாக இரண்டு மூன்று நிமிஷம் தேய்க்கலாம். கீமோ ஏற்றப் போவதற்கு முன்பே ஒரு தடவை செய்துவிடுங்கள். அப்புறம் உமட்டல் தலைகாட்டும்போதெல்லாம் செய்யலாம். பஸ் பயணக் குமட்டலுக்கென்று விற்கிற பொத்தான் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அம்மாவுக்கென்று சில கவனிப்புகள் உண்டு. வலது பக்கம் ஆபரேஷன் ஆகி அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தக் கையில் இறுக்கமான பட்டை எதுவும் கட்ட வேண்டாம், கை வீங்கிக்கொள்ளக்கூடும். ட்ரிப் இடது கையில் ஏறிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அழுத்தி அமுக்கினால் கன்றிப்போகும், ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வருஷக்கணக்காகச் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிய கை அது. ராத்திரி விரல் மரத்து, உதறினால் சரியாகிற தொந்தரவு அம்மாவுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அந்த நடு நரம்பு ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கலாம். அமுக்கும்போது விரல் நுனிக்கு மின்சாரம் பாய்வது போல ஓடினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். சிவப்பு மருந்து முடிந்த பிறகு பலருக்கும் கொடுக்கிற வேறு சில கீமோ மருந்துகளும் விரலை மரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் எது எதனால் என்று கண்டுபிடிப்பது டாக்டருக்கே கஷ்டம், அதனால் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

பீடி என்றதும் ஞாபகம் வருகிறது. கீமோ நாட்களில் தூள் டப்பாவும் சுளவும் அம்மா படுக்கிற அறையில் இருக்க வேண்டாம். புகையிலை நெடி, தாளிக்கிற எண்ணெய் வாசனை, சுடுசோற்று ஆவி எல்லாம் குமட்டலைக் கிளப்பிவிடும். ஆறின சோறு, மோர், ஒரு துண்டு நார்த்தங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்புண் இருந்தால் நார்த்தங்காய் எரியும், அப்போது வேண்டாம்.

இப்போது மருந்து விஷயம். அமுக்குவதைவிட இங்கேதான் அதிகம் சாதிக்கலாம். இரண்டு தடவையும் மறுநாளிலிருந்து உமட்டல் வந்தது என்பதை அடுத்த கீமோவுக்குப் போகும்போது வாய் திறந்து சொல்லுங்கள். நம் ஊரில் பாதிப் பேர், டாக்டர் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து புலம்புவார்கள். எந்த நாள் எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிட முடிந்தது என்று காலண்டர் தாளில் குறித்துக் கொண்டுபோனால் போதும், மருந்தை மாற்ற அது உதவும். ஒண்டான்செட்ரான் என்ற வழக்கமான வாந்தி மாத்திரை மட்டும் பிந்தி வருகிற குமட்டலுக்குப் பலருக்கும் போதாது. அது மலச்சிக்கலையும் உண்டாக்கும், மலச்சிக்கல் உமட்டலைக் கூட்டும். ஓலான்சபின் என்ற மாத்திரை இந்த வகைக் குமட்டலுக்கு நன்றாகக் கேட்கிறது. 2016இல் 380 பேரிடம் நடந்த ஆய்வில், முதல் நாளில் குமட்டலே இல்லாதவர்கள் ஓலான்சபின் சேர்த்தவர்களில் 74 சதவீதம், சேர்க்காதவர்களில் 45 சதவீதம். அதற்கடுத்த நாட்களிலும் வித்தியாசம் இருந்தது. தூக்கம் தள்ளுவதுதான் தொல்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது, தூக்கக் கலக்கமும் குறைவு. டாக்டர் இதை எழுதிக் கொடுத்து, மெடிக்கல் ஷாப்பில் யாராவது "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்றால் பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே மருந்துதான், இங்கே குமட்டலுக்காகக் கொடுப்பது. நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலோ, அமுக்குவது, கஷாயம் வைப்பது என்று நேரத்தைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், நடுராத்திரியானாலும் சரி.

சிகிச்சை முடிந்த பிறகு அக்குபிரஷருக்கு இன்னும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது: விட்டுப்போகாத அசதி. 2016இல் அமெரிக்காவின் மிச்சிகனில், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து அசதியோடு இருந்த 288 பெண்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டம் தாங்களே தினமும் சில புள்ளிகளை, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், ஆறு வாரம் அமுக்கினார்கள். இருவருக்கும் வேறு வேறு புள்ளிகள். அமுக்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அசதி சாதாரண அளவுக்கு இறங்கியது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு கூட்டத்துக்குத் தூக்கமும் நன்றாக வந்தது. போலிப் புள்ளி வைத்து ஒப்பிடவில்லை என்ற குறை இதிலும் உண்டு. ஆனாலும் அசதிக்கென்று கைகண்ட மாத்திரை எங்களிடம் இல்லாதபோது, செலவில்லாத இதை நான் தாராளமாகச் செய்யச் சொல்வேன்.

சிலர் "நம்ம வர்மம்தானே இது" என்பார்கள். இல்லை. வர்மம் சித்த மருத்துவத்தின் புற மருத்துவத்தில் வருவது. புள்ளிக் கணக்கும் கை வைக்கிற முறையும் வேறு. மேலே சொன்ன ஆய்வுகள் சீன முறைப் புள்ளிகளை வைத்து நடந்தவை, அவற்றைக் காட்டி வர்மத்துக்குச் சான்றிதழ் கொடுக்கவும் முடியாது, வர்மத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஆர்வமிருந்தால் கீமோ முழுக்க முடிந்து, ஆபரேஷன் தழும்பும் ஆறிய பிறகு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் போய் அங்குள்ள டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் செருப்புக்கு: வேண்டாம். பல வருஷச் சுகரும் பாத எரிச்சலும் சேர்ந்தால் கால் நரம்பு பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். எரிகிற பாதமே சில இடத்தில் உணர்ச்சியற்றும் இருக்கும். முள் குத்திப் புண்ணானது அவருக்குத் தெரியாது, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும்போது சீழ் பிடித்திருக்கும். ரதவீதியில் அந்தச் செருப்பு வாங்குகிற காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, பின்பட்டை வைத்ததாக வாங்குங்கள். சாயங்காலம் வாங்கப் போங்கள், பாதம் அப்போது லேசாக உப்பியிருக்கும், அளவு சரியாக அமையும்.